கண்ணாடி போடாத வக்கீல்

அக்கா,

நேற்று உளுந்து காயப்போட விரிப்பு தேடிய பேத்தி, டிவிக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த சாக்கை இழுத்து உதறினாள். உன் சாக்குதான். யூரியா சாக்கைப் பிரித்து, ஓரம் மடித்துத் தைத்து, சாயங்காலம் ஆனால் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவாயே, அது. உதறியதும் தைல வாசனை கிளம்பியது. முட்டிக்குத் தேய்த்த கையை நீ சாக்கிலேயே துடைப்பாய். நான் எத்தனை திட்டியிருக்கிறேன். "எடு கைய" என்று கத்திவிட்டேன். பேத்தி மிரண்டுபோய் அதைக் கீழே போட்டாள்.

"இன்னா ஆயா, வெறும் சாக்குதான?"

வெறும் சாக்குதான். உளுந்தை என் பழைய புடவையில் கொட்டச் சொன்னேன். சாக்கை எடுத்து மறுபடியும் மடித்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. "ஆயா, இன்னும் சின்னதா மடிச்சா பையில போட்டுக்கலாம்" என்றாள் அவள்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. நான் சொல்லச் சொல்ல இதை அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்திப் புத்தகத்தில் இருப்பது போல் எழுதுகிறாள். நடுநடுவே நிறுத்தி, "இதயும் எழுதணுமா?" என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் எதையும் விடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். "ஒன் தலைக்குள்ள இன்னாடி, கோர்ட்டு கட்டு கட்டி வெச்சிருக்கியா?" என்று கேட்டவள் நீதானே.

ஏழு மணித் தொடரிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேறு எங்கிருந்து ஆரம்பித்தாலும் சண்டையில் போய் நிற்கும். இதிலும் அங்கேதான் போய் நிற்கும். ஆனால் கொஞ்சம் சுற்றிப் போகலாம்.

முதலில் வந்தது துறைமுகத்தில் கடத்தல் செய்கிறவன் கதை. ஊரெல்லாம் அந்தக் கடத்தல்காரனைப் பார்த்தது. நீயும் நானும் பார்த்தது அவனை ஒவ்வொரு தடவையும் காப்பாற்றிவிட்ட கோதண்டம் வக்கீலை. நரைத்த தலை, தங்க பிரேம் கண்ணாடி. பொய் சொல்லப் போகிறான் என்றால் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைப்பான். துடைத்து மாட்டினான் என்றால் அன்றைக்கு ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். அவன் கை கண்ணாடிக்குப் போனதுமே நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். வளையல் அழுந்தும். "வேணான்டா, வேணான்டா" என்பாய், அவனுக்குக் கேட்கிற மாதிரி.

கடைசியில் அவனுக்கு விலங்கு மாட்டினார்கள். மறுநாள் ஏரி வேலையில் ஒரே கொண்டாட்டம். நூறு நாள் வேலைக்கு நாம் போனது மண் வாரவா, கதை பேசவா என்று அந்தப் பொறுப்பாளர் பெண்ணுக்கே கடைசி வரை தெரியவில்லை. காலையில் செல்போனில் எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பாள். எடுத்து முடித்ததும் புங்க மரத்தடியில் கோர்ட்டு கூடிவிடும். கீழத்தெரு பச்சையம்மாள்தான் முதலில் வாயைத் திறப்பாள். அவள் மண்வெட்டி மொக்கை, வாய் கூர்.

"வெலங்கு போட்டா போதுமா? ஏரியில எறக்கி மண்ணு வார வெக்கணும் அவன. அந்த கோட்டோட."

"கோட்டு அழுக்காவுமேடி."

"ஆவட்டும். நம்ம பொடவ ஆவல?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே, "அவனுக்கும் ஒரு தாயி இருந்திருப்பா இல்ல" என்றாய். சிரிப்பு அப்படியே நின்றது. பச்சையம்மாள்கூட மண்வெட்டியின் பிடியைத் தட்டிச் சரி செய்கிறவள் மாதிரி திரும்பிக்கொண்டாள். உன் மகனும் வக்கீல் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் உன் வாசலை மிதித்து வருஷக்கணக்கு ஆகிறது என்பதும் தெரியும்.

இப்போது அவனைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ இருந்தவரை அவன் பேச்சை நாம் இரண்டு பேரும் எடுத்ததே இல்லை.

நம் தெருவில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் அவன். என் வீட்டுக்காரரை ஆடு திருடியதாகப் பொய்யாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வெளியே விடும் வரை நின்றுகொண்டே வாதாடினான். என் வீட்டுக்காரரைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். "ஃபீஸு இன்னாடா வோணும்?" என்றேன். "ஒரு சொம்பு மோரு குடு சின்னம்மா, தொண்ட காஞ்சி போச்சி" என்றான். அண்ணாந்து குடித்தான். மோர் அவன் தொண்டையில் இறங்கிய சத்தம் வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. மறக்க முடிந்திருந்தால் பிறகு வந்தது இவ்வளவு எரிந்திருக்காது.

பிறகு மில்காரர் என் கொல்லையை வளைத்து வேலி போட்டார். முருங்கை, கொடுக்காப்புளி, என் மாமியார் வைத்த வேம்பு எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. கேஸை உன் மகனிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? நன்றாகத்தான் நடத்தினான். எங்கள் பக்கம் பேசியே தீர வேண்டிய வாய்தாவில் அவன் ஆளையே காணோம். நீதிபதி கேட்டதற்கு நான் வாயைத் திறந்தேன், மூடினேன். அந்தக் கட்டடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கொல்லை போயிற்று. கொஞ்ச நாளில், தீர்ப்பு நகல் வாங்க நாம் போன அன்று, கோர்ட்டு வாசலில் மில்காரர் காரில் அவன் வந்து இறங்கினான். முன் சீட்டிலிருந்து.

அங்கேயே குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி அவன் மேல் சாபமாக விட்டேன். "பெத்தவளுக்கும் ஒதவாம போயிடுவடா நீ" என்றேன். நீ என் பக்கத்தில் நின்றிருந்தாய் அக்கா. எனக்குத் துணையாக பஸ் ஏறி வந்தவள் நீ. அவன் சட்டையிலிருந்து மண்ணைத் தட்டினான். நீ தலை குனிந்து அந்த மண்ணையே பார்த்தாய். திரும்பி வரும்போது வேறு சீட்டில் உட்கார்ந்தாய்.

அது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். "எழுதணுமா ஆயா?" என்கிறாள். எழுது.

அந்த அறுவடை முழுக்க நீ என்னிடம் பேசவில்லை. அதற்குள் அவன் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிப் போய்விட்டான். பொங்கலுக்கு வந்தான், அப்புறம் பொங்கலுக்கும் வரவில்லை. நான் விட்ட மண்தான் அவனை உன்னிடமிருந்து மறித்து நிற்கிறது என்று நீ நம்பினாய். விட்டவள் கையாலேயே நெற்றியில் விபூதி வைத்தால் விட்ட மண் இறங்கிவிடும் என்பது நம் தெருவில் பேச்சு. ஒருநாள் கோயிலிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாய். கையில் விபூதிப் பொட்டலம்.

"அவன எப்பிடியாச்சும் இட்டாறேன். ஒருவாட்டி வெச்சி வுட்டுடுடி."

"கொல்லைய குடுக்கச் சொல்லு. வெக்கிறேன்."

"அது அவங்கிட்ட இல்லியேடி. மில்லுக்காரங்கிட்ட இல்ல கீது."

"அப்ப மண்ணும் எங்கிட்டயே கெடக்கட்டும்."

நீ பொட்டலத்தை டிவி மேல் வைத்துவிட்டுப் போனாய். மறுநாள் ஏழு மணிக்குச் சாக்கை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாய். "எங்கூட்டு டிவி இடி வுழுந்து போச்சி" என்றாய். அந்த வாரம் மழையே இல்லை. நான் நகர்ந்து இடம் விட்டேன். அதற்கப்புறம் விபூதி பற்றி நீ வாயே திறக்கவில்லை. பொட்டலம் டிவி மேலேயே இருந்தது. இரண்டு பேரும் அதற்குக் கீழே தெரிகிற படத்தைத்தான் பார்த்தோம்.

கடத்தல்காரன் கதையை அப்படித்தான் பார்த்து முடித்தோம். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டாவது தொடர் வந்தது. அதே கோதண்டம் வக்கீல். ஆனால் தலை கருகரு என்று இருந்தது, உடம்பு இளைத்திருந்தது, கண்ணாடி இல்லை. ஓட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவிக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். மறுநாள் ஏரிக்கு நீ ஓட்டமாக வந்தாய். அந்த முட்டியை வைத்துக்கொண்டு நீ அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களாடி? ஜெயில்லேர்ந்து வந்துட்டான். திருந்திட்டான்டி!"

"தலைக்கு டை அடிச்சிக்கினு வந்திருக்கான்" என்றேன் நான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"ஜெயிலு சோறு. எப்பிடி எளச்சிட்டான் பாரு பாவம்."

"கண்ணாடி எங்க போச்சாம்?" என்றாள் பச்சையம்மாள்.

"பொய்ய வுட்டுட்டான், கண்ணாடியயும் வுட்டுட்டான்" என்றாய் நீ.

"அதெல்லாம் இல்ல, கண்ணு முகாம்ல ஆபரேசன் பண்ணியிருப்பானுங்க. ஜெயிலுக்கே வந்து பண்றாங்களாமே" என்றாள் அவள்.

பல வாரம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்தக் கதையை அப்படித்தான் பார்த்தோம். கெட்டுப்போனவன் வெளியே வந்து நல்லவனாக நடக்கிற கதை. உன் முகத்தில் அந்த நாட்களில் ஒரு தெளிவு இருந்தது. சாக்கில் உட்கார்ந்தபடி பாக்கைக் கடிப்பதை மறந்துவிடுவாய். அவன் ஒரு நல்லது செய்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பாய். பார்த்துவிட்டு மேலே அந்தப் பொட்டலத்தைப் பார்ப்பாய். நான் டிவியை மட்டும் பார்ப்பேன்.

அதைக் கெடுத்தது இவள்தான், இதை எழுதுகிறவள். காலேஜ் விட்டு வந்தவள் நாம் பேசுவதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆயா, அவன் ஜெயில்லேர்ந்து வரல. இது முன்கத. அந்தக் கதைக்கு முன்னால நடந்தது. நல்லவனா இருந்தவன் எப்பிடி கெட்டுப்போனான்னு இனிமேதான் காட்டுவாங்க."

நீ அவளையே பார்த்தாய்.

"பின்னால வந்தது எப்பிடிடீ முன்னால ஆவும்?"

"எடுத்தது பின்னால பெரியாயா. நடந்தது முன்னால."

"போடி. நடந்தத எவனாச்சும் மறுபடியும் எடுப்பானா? தோ, தலைய பாரு. திருந்தி வந்தவன் தலை அது."

அவள் செல்போனில் எதையோ தேடிக் காட்டினாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கை மடித்தாய். அன்றைக்குக் கதை இன்னும் பாதிதான் ஓடியிருந்தது.

செய்தி மறுநாளே ஏரிக்குப் போய்விட்டது. அதன் பிறகு கோர்ட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முன்கதை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், உன்னைத் தவிர. சண்டை எதில் என்றால், அவன் கெட்டது யாரால்? பச்சையம்மாள் கட்சிக்கு, பிறக்கும்போதே திருடன், நல்லவன் வேஷம் போடுகிறான். உன் கட்சிக்கு, நல்லவன்தான், கூடச் சேர்ந்தவர்கள் கெடுத்தார்கள். பச்சையம்மாள் கட்சிக்குத் தலைவி நான்தான். அவளைவிட எனக்கு வாய் ஜாஸ்தி, காரணமும் ஜாஸ்தி.

"அவன் கைய யாரும் புடிச்சி இழுக்கல" என்பேன்.

"பசி இழுக்கும்டி."

"நமக்கு இல்லாத பசியா? நாம ஆர் வூட்ட புடுங்கனோம்?"

"நம்மகிட்ட ஆரும் வந்து புடுங்கச் சொல்லலியே. சொன்னா தெரியும்."

எங்கிருந்து பேசுவாயோ இப்படி. அந்தக் கோபத்தில் அன்றைக்கு நான் இரண்டு சட்டி மண் கூடவே வாரிவிடுவேன். உன்னோடு ஏரியில் சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் உனக்காக டிவியைப் போட்டுவைத்துக் காத்திருப்பேன்.

ஒரு சாயங்காலம் தொடரில் அந்தக் கிழவியின் கேஸ் வந்தது. கூப்பிட்டார்கள். கோதண்டம் வரவில்லை. கிழவி எழுந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் நீ இருக்கிறாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை.

விளம்பரம் போட்ட பிறகு, "ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றாய்.

"ஆருக்கு?" என்றேன்.

நீ சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் வந்தாய். வந்து உட்காராமலே, "ஞாயித்துக்கெழம கரியாலூரு போறேன். தொணைக்கு வா" என்றாய். மலைமேல் உன் மகன் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு ஒரு வீடு கட்டியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருப்பான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஒன் மொவன பாக்க நான் வர மாட்டேன். அருவி பாக்க வேணா வரேன்" என்றேன்.

கிளம்புகிற காலையில் டிவி மேல் பொட்டலம் இல்லை. உன் இடுப்புச் செருகலில் புடைத்துக்கொண்டு தெரிந்தது. நான் கேட்கவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. நீ கேழ்வரகு அடை சுட்டு வாழையிலையில் கட்டி மடியில் வைத்திருந்தாய். சூடு ஆறிவிடும் என்று முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாய். மேலே போனதும் காற்று காதைக் கவ்வியது. அருவிக்கு வந்த பிள்ளைகள் ஈரத் துணியோடு சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த வீடு மாடி வைத்த வீடு. இரும்புக் கேட்டு. உள்ளே கறுப்புக் கார் நின்றது. காவலுக்கு இருந்தது மலைக்காரப் பிள்ளை, நல்ல முகம்.

"ஐயா இல்லீங்க ஆயா. கீழ போயிருக்காருங்க."

"தோ, காரு நிக்கிதே?" என்றேன்.

"அது... ரிப்பேருங்க."

அப்போது மாடியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. அடுத்ததும் உடனே கேட்டது. உன் மகன் சின்னதிலிருந்தே அப்படித்தான், ஒன்றோடு நிற்காது. அந்தக் காவல்காரப் பிள்ளை தரையைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய், டிவி முன்னால் பிடிப்பாயே, அப்படி.

அந்தப் பிள்ளையிடம் இலைக் கட்டைக் கொடுத்தாய். "ஐயா வந்தா குடு தம்பி. பனி அவருக்கு ஒத்துக்காது. சுக்குத் தண்ணி வெச்சிக் குடு" என்றாய்.

கேட்டுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கடைசி பஸ் வருகிற வரைக்கும். அந்தப் பிள்ளை இரண்டு தட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நம் முகத்தைப் பார்க்காமல் போனான். நீ சாப்பிட்டாய். "நல்லா மாவா கீதுடி" என்றாய். நான் சாப்பிடவில்லை. மாடி ஜன்னலை முறைத்துக்கொண்டே இருந்தேன். கையில் மண் அள்ளினால் தேவலை என்று இருந்தது. நீ பக்கத்தில் இருந்ததால் அள்ளவில்லை. அருவி எந்தப் பக்கம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

இறங்கும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். முந்தானையை உதறிப் போர்த்திக்கொண்டு பேசினாய்.

"ஒம் பேத்தி சொன்னது சரிதான்டி. அது முன்கததான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் இல்ல இல்லன்ன?"

நீ வேறு ஒன்று கேட்டாய். "அவன் கடைசில இன்னா ஆவான்னு நமக்குத்தான் தெரியுமே. வெலங்கு போடறத கண்ணால பாத்துட்டமே. தெரிஞ்சும் ஏன்டி தெனம் வந்து குந்திக்கினு பாக்கறோம்?"

"வேற வேல இல்ல."

"அதில்லடி. நல்லவனா இருந்தான் பாரு, அத பாக்கறதுக்கு."

பஸ் வளைவில் சாய்ந்தது. நீ என் மேல் சாய்ந்தாய். பிறகு நேரே உட்கார்ந்துகொண்டாய். வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தை எடுத்து டிவி மேல் பழையபடி வைத்தாய்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நீ வரவில்லை. மழை பிடித்திருந்தது. முட்டி வலியாக இருக்கும், காலையில் கதை சொல்லிக்கொள்ளலாம் என்று நான் ஒருத்தியே பார்த்தேன். அன்றைக்குக் கோதண்டம் அந்தக் கிழவி வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே போகாமல் திரும்பிவிட்டான். இதை உனக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் காலையில் உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீ திறக்கவில்லை.

உன் மகன் வந்தான். கொள்ளி வைத்தான். எல்லாம் முறையாகச் செய்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை கிடைக்குமா என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கருமாதி முடிந்த அன்று, மொட்டைத் தலையோடு என் வாசலில் வந்து நின்றான். அவன் கண்ணாடி போட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். நான் உள்ளே கூப்பிடவில்லை. அவனாகவே வந்து, கீழே கிடந்த உன் சாக்கில் உட்கார்ந்தான். யாருடையது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருப்பான்.

"அம்மா இங்கதான் டிவி பாப்பாங்களாமே சின்னம்மா."

"ஆமா."

"இன்னா பாப்பாங்க?"

"ஒரு வக்கீலு கதை."

அவன் டிவியைப் பார்த்தான். டிவி அணைத்துத்தான் இருந்தது.

"நல்லவனா, கெட்டவனா அந்த வக்கீலு?"

"ஒங்கம்மாவுக்கு நல்லவன். எனக்குக் கெட்டவன். தெனம் சண்ட."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துண்டு நுனியில் துடைத்தான். டிவியாக இருந்தால் இப்போது பொய் வர வேண்டும். நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெறுமனே துடைத்துக்கொண்டே இருந்தான். தலை குனிந்திருந்தது. மொட்டைத் தலை, பச்சைப் பிள்ளைக்கு முடி இறக்கினது போல. என் கைக்கு எட்டுகிற தூரம்தான். பொட்டலம் இருந்த இடமும் என் கைக்கு எட்டுகிற தூரம்தான். என் கை மேலே போனது அக்கா. போனதை நானே பார்த்தேன்.

அவன் செல்போன் அடித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, "தோ வரேன், தோ கெளம்பிட்டேன்" என்று பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான். காரில் ஏறியவன் இறங்கி வருவானோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். கார் போய்விட்டது.

இப்போதும் ஏழு மணிக்கு நான் பார்க்கிறேன். பேத்திக்குப் படிப்பு, அவள் உட்கார மாட்டாள். போன வாரம் கோதண்டத்துக்குக் கண்ணாடி வந்துவிட்டது. கடையில் போட்டுப் பார்த்து வாங்கினான். என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கிறேன் என்பதே விளம்பரம் வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஏரியில் பச்சையம்மாள் ஆரம்பித்தாள். "பாத்தீங்களாடி, வாங்கிட்டான். நான் மொதல்லயே சொல்லல? பொறப்புலயே திருடன். அவன் நல்லவனா இருந்ததே கெடயாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. உன் பக்கம் காலியாக இருந்தது. நான் சட்டியில் மண் வாரிக்கொண்டிருந்தேன். குரல் வந்தது. என் வாயிலிருந்துதான் வந்தது.

"இருந்தான்டி. கொடைய புடிச்சிக்கினு அந்தக் கெழவிக்காக அலஞ்சானே, அது பொய்யா? குந்தச் சொன்னாக்கூட குந்தாம நின்னுக்கினே பேசினான். ஃபீஸு கேக்கல. ஒரு சொம்பு மோருதான் கேட்டான்."

பச்சையம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மோரு எப்போடி குடிச்சான்? அப்பிடி ஒரு சீனே வரலியே."

"வந்துது. நீ பாக்கல" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இது அதிசயம். தன் தூக்குச் சட்டியிலிருந்து கூழை ஊற்றி எனக்கு நீட்டினாள். அதைவிட அதிசயம். குடித்தேன். உப்பு கம்மி. அதை அவளிடமே சொன்னேன்.

உன் கட்சிக்கு இப்போது நான் ஒருத்திதான் அக்கா. என் கட்சியையும் நான் விடவில்லை. கொல்லையில் அந்த வேம்பை மில்காரர் ஆள் போன மாதம் வெட்டினான். வெட்டிய ஒவ்வொரு அடியும் உன் மகன் மேல்தான் எனக்குக் கோபமாக ஏறியது. அவனை நான் மன்னித்துவிட்டதாக நீ நினைத்துக்கொள்ளாதே.

சாக்கை டிவிக்குப் பின்னால் வைக்கச் சொல்லவில்லை. உன் இடத்திலேயே விரித்துப் போட்டிருக்கிறேன். விபூதிப் பொட்டலத்தின் காகிதம் நைந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. அதனால் விபூதியை என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். புடவை மாற்றும்போது அவிழ்த்து அடுத்த புடவையில் முடிந்துகொள்கிறேன். ஏரிக்குப் போகும்போதும் இருக்கிறது, ரேஷனுக்குப் போகும்போதும் இருக்கிறது. அவன் வருவான் என்று நான் காத்திருக்கவில்லை. வந்து குனிந்தான் என்றால், விபூதி தேடி நான் உள்ளே போக வேண்டியிருக்காது. அவ்வளவுதான்.